மளிகைச் செலவைக் குறைக்க, நெல்லை விற்கும் முன்பே கணக்குப் போடுங்கள்



2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்தது உங்களுக்குத் தெரியும். குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றுக்கு 18 சதவீதமாக இருந்த வரி 5 ஆனது. நெய், வெண்ணெய்க்கு 12 சதவீதம் 5 ஆனது. அதற்குப் பிறகு நான் பயிற்சிக்குப் போகிற ஊர்களில் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: "மாத மளிகைப் பில் குறைந்திருக்கிறதா?" சோப்பு ஒன்றிரண்டு ரூபாய் குறைந்தது, பிஸ்கட் பாக்கெட்டில் கொஞ்சம் எடை கூடியது என்கிறார்கள். பில் குறைந்தது என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

இதில் ஆச்சரியம் இல்லை. மளிகைப் பில்லில் பெரிய தொகை போவது அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு. சமையல் எண்ணெய்க்கு முன்பும் 5 சதவீதம், இப்போதும் 5 சதவீதம். பெயர் அச்சிட்டு 25 கிலோ வரை பையில் அடைத்து விற்கும் அரிசிக்கும் பருப்புக்கும் 2022 ஜூலையில் வந்த 5 சதவீதம் அப்படியே இருக்கிறது. சில்லறையாக அளந்து வாங்கினால் அன்றும் வரி இல்லை, இன்றும் இல்லை. துணி துவைக்கும் பவுடர்கூட 18 சதவீதத்திலேயே நிற்கிறது. ஆகவே வரிக் குறைப்பை நம்பி மளிகைச் செலவு இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். நம்மைப் போன்ற விவசாயக் குடும்பங்களுக்கு மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது. அது கடையில் இல்லை, களத்தில் இருக்கிறது. தை அறுவடைக்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

களத்தில் ஒரு விலை, கடையில் ஒரு விலை

சம்பா அறுவடை முடிந்ததும் என்ன நடக்கிறது? இயந்திரம் அறுக்கிறது, வயலிலிருந்தே டிராக்டரில் ஏற்றி நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கோ வியாபாரிக்கோ போகிறது. வீட்டுக்கு ஒரு மூட்டைகூட வராத குடும்பங்கள் டெல்டாவில் இன்று நிறைய. பிறகு சித்திரையிலிருந்து அடுத்த தை வரை அதே குடும்பம் சிப்பம் அரிசி வாங்குகிறது. நம் அப்பா காலத்தில் குதிர் நிறைந்த பிறகுதான் விற்பனை. அந்தக் குதிர் போய்விட்டது. அதை யாரும் முடிவெடுத்துக் கைவிடவில்லை. அறுவடை இயந்திரம் வந்தது, ஈர நெல்லைக் காய வைக்க களம் இல்லை, ஆள் இல்லை, அப்படியே போய்விட்டது.

கணக்கைப் பார்ப்போம். 2025-26 பருவத்துக்குத் தமிழ்நாட்டில் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய். கிராமத்து ரைஸ் மில்லில் 100 கிலோ நெல் அரைத்தால் சுமார் 62 கிலோ அரிசி கிடைக்கும். அப்படியென்றால் விற்காமல் வைத்த சன்ன ரக நெல்லில் ஒரு கிலோ அரிசி உங்களுக்கு 41 ரூபாய். புழுங்கல், அரவைக் கூலி சேர்த்து 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். தவிட்டை மில்காரரே எடுத்துக்கொண்டு கூலியைக் குறைக்கிற ஊர்களில் இன்னும் கொஞ்சம் இறங்கும். கடையில் அதே தரம் கிலோ 60 ரூபாய் என்றால் கிலோவுக்கு 15 ரூபாய் வித்தியாசம். மாதம் 25 கிலோ வாங்கும் வீட்டில் வருடத்துக்கு 300 கிலோ. அதாவது 4,500 ரூபாய். இதற்கு நீங்கள் நிறுத்தி வைக்க வேண்டியது 40 கிலோ மூட்டையில் 12 மட்டும்.

கடை விலை நான் வைத்துக்கொண்ட விலைதான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒரு முறை கணக்கிடுங்கள். நெல்லும் அரிசியும் விற்கும் விலை ஊருக்கு ஊர் மாறும். களத்து விலைக்கும் கடை விலைக்கும் இடைவெளி மட்டும் எல்லா ஊரிலும் இருக்கும்.

"நான் போட்டிருப்பது மோட்டா ரகம், அதை வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்" என்பீர்கள். நியாயம்தான். சாவித்திரி போட்டவர் வீட்டில் பொன்னி அரிசிதான் வேகிறது. அடுத்த பருவத்தில் 20 முதல் 25 சென்ட் மட்டும் வீட்டுக்கென்று ஒதுக்கி பி.பி.டி. 5204, டி.கே.எம். 13, ஆடுதுறை 54 போன்ற சன்ன ரகம் ஒன்றைப் போடுங்கள். ஏக்கருக்கு 2,200 கிலோ எடுக்கிற வயலில் 22 சென்ட்டே இந்த 480 கிலோவைக் கொடுத்துவிடும். இந்த ஆண்டுக்கு, பக்கத்து வயல்காரர் சன்ன ரகம் போட்டிருந்தால் கொள்முதல் விலையிலேயே அவரிடம் வாங்கிக்கொள்ளலாம். அவருக்குக் காத்திருப்பு மிச்சம், உங்களுக்கு அரிசி மிச்சம். ஆறு மாதம் இருந்த நெல்லின் அரிசி குழையாமல் உதிரியாக வேகும் என்பதைப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடலை எண்ணெயில் நான் செய்த தவறு

இதே கணக்கை எல்லாப் பொருளுக்கும் போட்டுவிட முடியாது. இதை எனக்குப் புரிய வைத்தவர் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு பயிற்சியில் வந்து உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர்.

பல வருடமாக நான் கூட்டங்களில் சொல்லி வந்தது இது: "உங்கள் கடலையைச் செக்கில் ஆட்டுங்கள், பாக்கெட் எண்ணெய் வாங்காதீர்கள், காசு மிச்சம்." அன்றும் சொன்னேன். அந்த அம்மா கையைத் தூக்கி, "சார், நீங்க சொல்ற கணக்குல கடலைக்கு விலையே போடலையே. எங்க வீட்டுக் கடலைன்னா அது சும்மா வந்துச்சா?" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் பதில் இல்லை. நான் போட்டிருந்தது செக்குக் கூலி மட்டும்தான்.

அன்று கரும்பலகையில் அவரோடு சேர்ந்து போட்ட கணக்கை இந்த ஆண்டு விலையில் திருப்பிப் போடுகிறேன். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 4 லிட்டர் எண்ணெய் என்றால் வருடத்துக்கு 48 லிட்டர். அதற்கு 40 கிலோ மூட்டை நான்கு, அதாவது 160 கிலோ காய் வேண்டும். உடைத்தால் 112 கிலோ பருப்பு. செக்கில் ஆட்டினால் சுமார் 45 கிலோ எண்ணெய், அதாவது 49 லிட்டர். கூடவே 65 கிலோ புண்ணாக்கு. 2025-26க்கு நிலக்கடலையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 7,263 ரூபாய். அந்த விலையில் நான்கு மூட்டையின் மதிப்பு 11,620 ரூபாய். உடைக்கும் கூலி, ஆட்டும் கூலி 1,500 ரூபாய் கூட்டுங்கள். புண்ணாக்கைக் கிலோ 40 என்று வைத்து 2,600 ரூபாய் கழியுங்கள். லிட்டர் சுமார் 215 ரூபாய் வருகிறது.

கடையில் செக்கு எண்ணெயை 280, 300 கொடுத்து வாங்குகிற வீட்டுக்கு இது மிச்சம். பாக்கெட்டில் சூரியகாந்தி எண்ணெய் 155 ரூபாய்க்கு வாங்குகிற வீட்டுக்கு இது லிட்டருக்கு 60 ரூபாய் கூடுதல் செலவு. சுவைக்காகவும் மனத்திருப்திக்காகவும் ஆட்டுவது வேறு. மிச்சம் என்று சொல்லி ஆட்டச் சொன்னது தவறு.

ஆனால் இதே கணக்கு ஒரு இடத்தில் திரும்புகிறது. ஆதரவு விலை என்பது அரசு அறிவித்த விலை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வரத்து மிகுந்த வாரத்தில் வியாபாரி கிலோ 55க்குக் கேட்டால்? அப்போது அதே நான்கு மூட்டையின் மதிப்பு 8,800 தான். கூலியைக் கூட்டி, புண்ணாக்கைக் கழித்தால் லிட்டர் 157 ரூபாய். பாக்கெட் எண்ணெய் விலைக்குச் செக்கு எண்ணெய் கிடைக்கிறது. ஆகவே இப்போது நான் சொல்வது இது: காய்க்கு நல்ல விலை வந்தால் விற்றுவிடுங்கள், விலை அடிபட்டால் வீட்டுக்கான நான்கு மூட்டையை அந்த விலைக்குக் கொடுக்காதீர்கள். காயாகவே நன்றாகக் காய வைத்து வைத்திருந்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மூட்டை ஆட்டுங்கள். மொத்தமாக ஆட்டி வைத்தால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

எண்ணெய் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து, சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைன் பக்கமிருந்து, சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து. 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்கள் மீதான மொத்த இறக்குமதி வரியை மத்திய அரசு 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆக உயர்த்தியது. எண்ணெய் வித்து விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பது காரணம். கடையில் எண்ணெய் விலை ஏறியது. 2025 மே 30 அன்று அதை 16.5 ஆகக் குறைத்தார்கள். அப்போது சொன்ன காரணம், நுகர்வோருக்கு விலை இறங்க வேண்டும் என்பது. கடலை விளைவிக்கிற நாம் வரி உயர்ந்தால் விற்கும்போது லாபம், வாங்கும்போது நட்டம். வரி குறைந்தால் நேர் எதிர். டெல்லியில் எடுக்கிற ஒரே முடிவு நம் வீட்டில் இரண்டு பக்கமும் அடிக்கிறது. வீட்டுக்கு வேண்டியதைத் தனியே எடுத்து வைத்துவிட்டால், அந்தப் பங்குக்கு மட்டும் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. பணத்தில் காட்ட முடியாத ஒரு லாபம் அது.

உளுந்து, துவரை

நெல் தரிசில் உளுந்து தெளிப்பவர்கள் பங்குனி, சித்திரையில் அறுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். 2025-26க்கு உளுந்தின் ஆதரவு விலை குவிண்டால் 7,800. இட்லி, தோசைக்கு மாதம் இரண்டரை கிலோ குண்டு உளுந்து வாங்கும் வீட்டுக்கு வருடம் 30 கிலோ. தோலோடு ஊற வைத்துக் கழுவிக்கொள்வதானால் தோல் போக இதற்கு 36 கிலோ முழு உளுந்து போதும். மதிப்பு 2,800 ரூபாய். கடையில் கிலோ 130 என்றால் 3,900. மிச்சம் 1,100. தோல் உளுந்து மாவு பொங்கி வருவதும் நன்றாக இருக்கும் என்பது என் வீட்டு அனுபவம். தோல் கழுவ யாருக்கு நேரம் என்று அதே வீட்டில் கேட்டதும் உண்டு.

பருப்பு விலையும் இறக்குமதியைப் பார்த்துத்தான் நகர்கிறது. துவரையும் உளுந்தும் 2026 மார்ச் 31 வரை தடையின்றி இறக்குமதியாக 2025ல் அனுமதி தந்திருந்தார்கள். மஞ்சள் பட்டாணிக்கு மட்டும் 2025 நவம்பர் 1 முதல் 30 சதவீத வரி போட்டார்கள். துவரம்பருப்பைப் பொறுத்தவரை வரப்பில் இரண்டு வரிசை துவரை போடுவதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிற பருப்போடு எந்தக் கணக்கும் போட்டி போட முடியாது. பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை 25 ரூபாய். "அதை யார் வாங்குவது" என்று விடுகிற வீடுகள் உண்டு. விட்டுவிட்டு அதே பொருளைக் கடையில் பல மடங்கு விலையில் வாங்குகிறார்கள். மாதத்தின் முதல் வாரத்திலேயே போய் வாங்கிவிடுங்கள்.

கடைக் கணக்கு நோட்டு

மாதச் சம்பளக்காரர் ஒன்றாம் தேதி பட்டியல் போட்டு வாங்குவார். நமக்குப் பணம் வருவது வருடத்தில் இரண்டு முறை. நடுவில் கடைக்கார அண்ணாச்சியிடம் கணக்கு நோட்டு. தேவைப்பட்ட அன்று கால் கிலோ, நூறு கிராம் என்று எடுப்பது, விலை கேட்காமல் எழுதிக்கொள்வது, அறுவடை முடிந்ததும் மொத்தமாகக் கட்டுவது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் பணமும் முடங்குகிறது. ஆனால் கடனில் எடுப்பவர் பேரம் பேச முடியாது, வேறு கடைக்கும் போக முடியாது.

இதை ஒரே வருடத்தில் மாற்ற முடியாது. ஒரு பகுதியை மாற்றலாம். அறுவடைப் பணம் கைக்கு வரும் மாதங்களும் வருடத்துக்கு வேண்டிய சில பொருள்கள் மலிவாகக் கிடைக்கும் மாதங்களும் நல்லவேளையாக ஒன்றாக வருகின்றன. புளி மாசி முதல் சித்திரை வரை, மிளகாய் வற்றல் பங்குனி, சித்திரையில், கொத்தமல்லி மாசியை ஒட்டி, மஞ்சளும் அதே சமயத்தில். இவை நான்கையும் வருடத்துக்கு ஒரு முறை வாங்கிக் காய வைத்து வைத்துவிட்டால் கடை நோட்டில் பாதி வரிகள் குறையும். நம் பாட்டிமார் செய்ததுதான். புளியைக் கொட்டை எடுத்து, கல் உப்புத் தூவி, மண் பானையில் அழுத்தி வைப்பார்கள். இரண்டு வருடம்கூட கெடாது.

மகசூலை முன்கூட்டியே வியாபாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாகுபடியே தொடங்குகிறவர்களுக்கு இந்த யோசனை எதுவும் எளிதல்ல என்பது தெரியும். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாக்குக் கொடுக்கும்போதே வீட்டுக்கான 12 மூட்டையைத் தள்ளிப் பேசுங்கள். கொடுத்த பிறகு பேச முடியாது.

கடையில் நிற்கும்போது

பாக்கெட்டில் மொத்த விலையோடு ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்றும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்புங்கள். முன்பு எண்ணெய், பருப்பு, பிஸ்கட்டுக்கெல்லாம் இந்த எடையில்தான் விற்க வேண்டும் என்று இருந்தது. இப்போது அது இல்லை. அதனால் எண்ணெய் பாக்கெட்டுகள் 910 கிராம், 850 கிராம், 800 கிராம் என்று பார்க்க ஒரே மாதிரி தொங்குகின்றன. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். 148 ரூபாய்க்கு 910 கிராம், 140 ரூபாய்க்கு 850 கிராம் என்று இரண்டு இருந்தால் கை 140க்குத்தான் போகும். கிலோவுக்குப் பார்த்தால் முதலாவது 163 ரூபாய், இரண்டாவது 165. அரிசி சிப்பம் 26 கிலோவில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். 25 கிலோவைத் தாண்டினால் வரி இல்லை, அதனால்தான் அந்த ஒரு கிலோ. பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்றும் நினைக்க வேண்டாம், சில பொருள்களில் சின்ன பாக்கெட்தான் மலிவு.

இன்னொன்று, சொன்னால் வீட்டில் கோபிப்பார்கள். 2023-24ல் மத்திய அரசு எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், நாட்டின் கிராமப்புறக் குடும்பம் செலவழிக்கும் 100 ரூபாயில் 47 ரூபாய் உணவுக்குப் போகிறது. அதில் அரிசி, கோதுமை எல்லாம் சேர்த்து 5 ரூபாய். குளிர்பானம், டீக்கடை, பாக்கெட் தின்பண்டம் வகைக்கு ஏறக்குறைய 10 ரூபாய். காய்கறிக்கும் பாலுக்கும் போவதைவிட இதுதான் அதிகம். நான் டீக்கடைக்கு எதிரி இல்லை. களை எடுத்துவிட்டு வந்தவருக்கு டீ வேண்டும்தான். ஆனால் அரிசியில் பிடித்த 4,500 ரூபாய், தினமும் இரண்டு பத்து ரூபாய் பாக்கெட் வாங்கினால் எட்டே மாதத்தில் கரைந்துவிடும்.

காய்கறிக்கு, குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் வாழை, கறிவேப்பிலை, முருங்கை, பந்தலில் அவரை. 2025ல் தமிழக அரசு தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் காய்கறி விதைத் தொகுப்பும் பழச் செடித் தொகுப்பும் தருகிறார்கள். உழவன் செயலியிலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ கேளுங்கள்.

வைத்ததைக் காப்பது

மிச்சம் பிடித்ததை வண்டு தின்றால் எல்லாம் வீண். கொள்முதல் நிலையம் 17 சதவீத ஈரம் வரை வாங்கும் என்பதற்காக அதே நெல்லை வீட்டில் அடுக்கிவிடாதீர்கள். வீட்டுக்கு வைக்கும் நெல் 12, 13 சதவீதத்துக்குக் காய வேண்டும். பல்லில் கடித்தால் நசுங்காமல் 'டக்' என்று உடைய வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள்.

உளுந்தில் பயறு வண்டு வீட்டில் மட்டும் வந்து ஒட்டுவதில்லை, வயலிலேயே காயின்மேல் முட்டை வைத்துவிடுகிறது. ஆகவே அறுவடை செய்த உடனே, கறுப்பு பாலித்தீன் தாளில் மெல்லப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற தாளால் மூடி, உச்சி வெயிலில் நாலைந்து மணி நேரம் இரண்டு நாள் விடுங்கள். முட்டையும் புழுவும் அந்தச் சூட்டில் சாகும். ஆறிய பிறகு கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ கையில் தடவிப் புரட்டி, காற்றுப் புகாத டப்பாவில் விளிம்பு வரை நிரப்புங்கள். உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் வண்டுத் தொல்லை இன்னும் குறைவு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை திறந்து, மேலே வெள்ளைப் புள்ளியோ ஓட்டையோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மறுபடி வெயில்.

கடையில் கிடைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை அரிசி மூட்டைக்குள்ளும் நெல் பத்தாயத்திலும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து வருகிற வாயு வண்டை மட்டும் கொல்வதில்லை, அதே அறையில் தூங்குகிற குழந்தையையும் கொல்லும். ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் மூடியைத் திறக்காமல் உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடம் என்ன செய்வது என்று கேளுங்கள்.